சாயப்பட்டறை ஆட்களுக்குக் கெமிக்கல் பாதுகாப்புப் பயிற்சி: கை பழகும் வரை சொல்லிக் கொடுப்பது எப்படி

திருப்பூர், பெருந்துறை, ஈரோடு பக்கம் எந்தச் சாயப்பட்டறைக்குள் போனாலும் காஸ்டிக் (சோடியம் ஹைட்ராக்சைடு), ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்), அசிட்டிக் ஆசிட், சோடா ஆஷ், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு (ஈ.டி.பி.) வாங்கி வைத்த சல்ஃப்யூரிக் ஆசிட், சில இடங்களில் ஹைப்போகுளோரைட் என்று ஏழெட்டுச் சரக்கு இருக்கும். இவற்றைத் தினமும் அளந்து ஊற்றுகிறவர்கள் பெரும்பாலும் ஹெல்பர்கள். பயிற்சி என்ற பெயரில் அவர்களுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரப் பேச்சும் பதிவேட்டில் ஒரு கையெழுத்தும். கண்ணில் காஸ்டிக் தெறிக்கும் அந்த நொடியில் கேட்டது எதுவும் ஞாபகம் வராது, பழகிய கை மட்டும்தான் வேலை செய்யும். அதனால் கீழே சொல்வது எல்லாமே வேலை நடக்கும் இடத்தில் நின்று, செய்ய வைத்துக் கற்றுக் கொடுக்க வேண்டியவை.

நேரமும் மொழியும்

பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்த ஆளைப் பிடித்து உட்கார வைக்காதீர்கள். ஷிஃப்ட் ஆரம்பத்தில் 20 நிமிடம், எட்டுப் பேர், ஒரே ஒரு விஷயம். அந்த 20 நிமிடத்துக்கும் சம்பளம் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒடிசா, பீகார் ஆட்கள் இருந்தால் அவர்களில் விவரமான ஒருவருக்கு முந்தின நாளே பாடத்தைச் சொல்லி, அவர் மொழியில் அவரையே சொல்ல வையுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "எங்க செஞ்சு காட்டுங்க பார்க்கலாம்" என்று கேளுங்கள்.

கெமிக்கல் சப்ளையரிடம் ஒவ்வொரு சரக்குக்கும் பாதுகாப்புத் தகவல் தாள் கேட்டு வாங்குங்கள். அதில் 16 பகுதிகள் இருக்கும். தொழிலாளிக்கு வேண்டியது 4-வது முதலுதவி, 6-வது சிந்தினால் செய்ய வேண்டியது, 7-வது வைக்கும் முறை, 8-வது கையுறை கண்ணாடி விவரம், 10-வது எதோடு சேரக் கூடாது என்பது. இந்த ஐந்தையும் தமிழிலும் இந்தியிலும் ஒரே பக்கத்தில் படத்தோடு போட்டு, லேமினேட் செய்து அந்தச் சரக்கு இருக்கும் இடத்திலேயே மாட்டுங்கள். ஆபீஸ் ஃபைலில் கிடக்கும் தாளால் ஒருவருக்கும் பயனில்லை. 1984 போபால் விபத்துக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது, தான் கையாளும் பொருளின் ஆபத்தைத் தெரிந்துகொள்வது தொழிலாளியின் உரிமை என்றே எழுதி வைத்தார்கள்.

முதல் பாடம்: சேரக் கூடாதவை

ஹைப்போகுளோரைட்டில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். ஹைட்ரோஸில் ஆசிட் பட்டால் சல்ஃபர் டை ஆக்சைடு. ஹைட்ரோஸும் பெராக்சைடும் சேர்ந்தால் தீயே பிடிக்கும். சல்ஃபர் பிளாக் சாயம் ஓட்டும் பட்டறையில் கழிவுநீரில் சல்ஃபைடு இருக்கும். அதன் பி.எச். இறக்கலாம் என்று ஆசிட்டைத் திறந்துவிட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு மொத்தமாக எழும். இந்த நான்கும் நாக்கு நுனியில் நிற்க வேண்டும்.

விபத்துக்கு வழி செய்வது பெரும்பாலும் ஒரே மக். காலையில் ஆசிட் அளந்த மக்கை அலசாமல் மதியம் ஹைட்ரோஸுக்குள் விடுவார்கள். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு நிற மக் வைத்து, சங்கிலி போட்டு அந்த ட்ரம்மிலேயே கட்டி விடுங்கள். தண்ணீர் பாட்டிலில் அசிட்டிக் ஆசிட்டை ஊற்றி வைக்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்த வேண்டும். தாகத்தோடு வருகிறவர் பார்க்காமல் எடுத்துக் குடித்துவிடுவார்.

காஸ்டிக் கரைப்பது

இதற்குத் தனியாக இரண்டு நாள் ஒதுக்குங்கள். காஸ்டிக் செதிலைத் தண்ணீரில் போட்டாலே சூடு கிளம்பும். எவ்வளவு என்பதை எண்ணில் சொன்னால்தான் உறைக்கும்: 30 டிகிரியில் இருக்கும் 100 லிட்டர் தண்ணீரில் 25 கிலோ மூட்டையை ஒரே மூச்சில் கொட்டினால் வெப்பம் 80 டிகிரியைத் தாண்டும். செதில் குவிந்து கிடக்கும் அடிப்பக்கம் கொதித்து மேலே பீய்ச்சி அடிக்கும். குனிந்து கலக்குகிறவரின் முகம் அதற்கு நேராக இருக்கும்.

முறை இது. முதலில் தொட்டியில் பச்சைத் தண்ணீர், வேண்டிய அளவு முழுக்க. பாய்லர் கண்டன்சேட் (நீராவி குளிர்ந்து திரும்பும் தண்ணீர்) சூடாக இருக்கிறதே, சீக்கிரம் கரையுமே என்று அதைப் பிடிக்கக் கூடாது. பிறகு ஒரு மக், ஏறக்குறைய ஒரு கிலோ, தூவி விட்டு நீளக் கைப்பிடித் துடுப்பால் கலக்க வேண்டும். செதில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்த பிறகுதான் அடுத்த மக். தெர்மாமீட்டர் 50 டிகிரி காட்டினால் நிறுத்தி ஆற விடுங்கள். செதில் மேல் தண்ணீரை ஊற்றுவது எந்தக் காரணத்துக்கும் கிடையாது. சல்ஃப்யூரிக் ஆசிட்டுக்கும் இதே விதி: தண்ணீருக்குள் ஆசிட், ஆசிட்டுக்குள் தண்ணீர் போகவே கூடாது. பாத்திரம் பிளாஸ்டிக்கோ எவர்சில்வரோ இருக்கட்டும். சமையல்கட்டிலிருந்து வந்த அலுமினியப் போசி காஸ்டிக்கில் நுரைத்துக் கரையும், வரும் நுரையில் ஹைட்ரஜன் இருக்கும், தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும்.

காஸ்டிக் கையில் பட்டதும் ஆசிட் மாதிரி சுள்ளென்று எரியாது. சோப்பு பட்டது போல வழுக்கும். அதனால்தான் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள், அது உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். இதை நம்ப வைக்க, பயிற்சி தருபவர் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, அப்போதுதான் கரைத்த சூடான காஸ்டிக்கில் ஒரு கோழி இறகைப் போட்டு ஓரமாக வைக்கட்டும். பாடம் முடியும்போது எடுத்துக் காட்டினால் இறகு கொழகொழத்து உருவிழந்திருக்கும். நம் தலைமுடியும் நகமும் அதே வகைப் புரதம்தான் என்று ஒரு வரி சொன்னால் போதும்.

கையுறையைச் சரியாகக் கழற்றுகிறார்களா என்று பார்க்க பட்டறையிலேயே வழி இருக்கிறது. கையுறை மேல் சிவப்புச் சாயத் தண்ணீரைத் தடவி, கழற்றச் சொல்லுங்கள். விரலில் சிவப்பு ஒட்டியிருந்தால் அது காஸ்டிக்காக இருந்திருக்கும். போடும் முன் கையுறைக்குள் காற்றைப் பிடித்து அமுக்கிப் பார்த்தால் ஓட்டை தெரிந்துவிடும். பேன்ட் கம்பூட்டுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகினால் வழிந்தது எல்லாம் காலுக்குள் இறங்கும். சாதாரணக் கண்ணாடி பக்கவாட்டில் திறந்திருப்பதால் ஆகாது, முகத்தோடு ஒட்டி மூடும் கண்ணாடியும் அதற்கு மேல் முகக் கவசமும் வேண்டும்.

கண் கழுவும் ஒத்திகை

காஸ்டிக் தொட்டிப் பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, அவர் கண்ணைத் துண்டால் கட்டி, "கண்ணுல பட்டுடுச்சு, கழுவுற இடத்துக்குப் போங்க" என்று சொல்லுங்கள். ஒருவர் கூடவே போகட்டும், தடுமாறினால் பிடிக்க. பத்து நொடிக்குள் போய்க் கைப்பிடியைத் தட்ட வேண்டும். எட்ட முடியாவிட்டால் ஆளைக் குறை சொல்லாதீர்கள். வழியில் துணி ட்ராலி நிற்கும், படி இருக்கும், இல்லாவிட்டால் கழுவும் இடத்தையே தூரத்தில் வைத்திருப்பார்கள். அதைச் சரி செய்துவிட்டுத் திரும்பவும் நடத்துங்கள்.

கழுவும்போது இமையை இரண்டு விரலால் விரித்துப் பிடித்து, விழியை மேலும் கீழும் பக்கமும் உருட்ட வேண்டும். கடிகாரம் பார்த்து 15 நிமிடம், அதற்குக் குறையவே கூடாது. மூன்றாவது நிமிடத்திலேயே "போதும், சரியாயிடுச்சு" என்பார்கள், விடாதீர்கள். கூட இருப்பவர் அதற்குள் 108-க்குப் போன் செய்து, சரக்கின் தகவல் தாளைக் கழற்றி எடுத்து வைக்கட்டும், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். எலுமிச்சைச் சாறு, வினிகர் என்று எதையும் கண்ணில் விடக் கூடாது. வண்டியில் போகும்போதும் முடிந்தவரை தண்ணீர் விட்டுக்கொண்டே போங்கள்.

உடம்பில் பட்டால் நின்று கழுவும் சேஃப்டி ஷவருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 75 லிட்டர் வேண்டும். 15 நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் 1,125 லிட்டர். 500 லிட்டர் தொட்டியில் ஷவரை மாட்டினால் ஏழாவது நிமிடத்தில் தண்ணீர் நின்றுவிடும். நம் ஊரில் இன்னொரு சிக்கல்: சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கையை வைக்க முடியாமல் சுடும். அந்தத் தண்ணீரில் யாரும் 15 நிமிடம் கண்ணைக் காட்ட மாட்டார்கள். தொட்டிக்கு மேல் ஓலையோ ஷீட்டோ போட்டு நிழல் கொடுங்கள், குழாயைச் சுவரின் உள்பக்கம் கொண்டு வாருங்கள், வாரம் ஒரு முறை மதியம் இரண்டு மணிக்குத் திறந்து தொட்டுப் பாருங்கள்.

சரக்கு அறை

பெராக்சைடு கேனிலிருந்து எடுத்தது மிஞ்சினால் திரும்ப ஊற்றக் கூடாது. துளி துருவோ காஸ்டிக்கோ உள்ளே போனால் போதும், சிதைய ஆரம்பிக்கும். 50 சதவீதப் பெராக்சைடு ஒரு லிட்டரிலிருந்து ஏறக்குறைய 200 லிட்டர் ஆக்சிஜன் வெளியேறும். காற்று போகும் மூடியை மாற்றி வேறு மூடியை இறுக்கினால் கேன் உப்பி வெடிக்கும். மரப் பலகை மேல் வைக்காதீர்கள், சிந்தினால் மரம் பற்றும். ஹைட்ரோஸுக்கு ஈரமே எதிரி. ஐப்பசி மழையில் கூரை ஒழுகும் மூலையில் அந்த ட்ரம் இருக்கக் கூடாது. சூடேறிப் புகைய ஆரம்பித்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பது நிலைமையை மோசமாக்கும், சாக்கு போட்டு மூடினாலும் அணையாது. ஆட்களை வெளியேற்றி 101-ஐ அழைத்து, எரிவது ஹைட்ரோஸ் என்று சொல்லிவிடுங்கள். அடர் அசிட்டிக் ஆசிட்டின் ஆவி 39 டிகிரியிலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். நம் கோடை மதியத்துக்கு அது தூரமில்லை, பக்கத்தில் வெல்டிங் வேண்டாம்.

தொட்டிக்குள் இறங்குவது

மற்ற தவறுகளில் காயத்தோடு தப்பிக்கலாம், இதில் அது கிடையாது. கழிவுநீர்த் தொட்டியின் அடியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு தங்கும், காற்றைவிடக் கனமானது. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவுக்குப் போனால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். தீக்குச்சி, மெழுகுவர்த்தி வைத்துப் பார்ப்பதை அடியோடு மறக்கச் சொல்லுங்கள். அது சல்ஃபைடைக் காட்டாது, தீப்பற்றும் வாயு இருந்தால் வெடிக்கவே செய்யும்.

முதல் கேள்வி: இறங்காமல் முடியாதா? ஸ்லட்ஜை (அடியில் தங்கும் கழிவுச் சேற்றை) மேலிருந்தே பம்ப் வைத்து இறைக்க முடிந்தால் அதுவே வழி. இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வரத்துக் குழாய்களை மூடிப் பூட்டி சாவியை இறங்குகிறவரிடமே கொடுங்கள். புளோயரால் அடி வரை நல்ல காற்றைச் செலுத்துங்கள். நான்கு வகை வாயுவை அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி மூன்று இடத்திலும் அளக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருக்கக் கூடாது, 23.5-க்கு மேலும் போகக் கூடாது. தீப்பற்றும் வாயு, வெடிப்பு வரம்பில் 10 சதவீதத்தைத் தொடக் கூடாது. சல்ஃபைடு பூஜ்ஜியமாக இருக்க வேண்டும்.

அளந்தபோது பூஜ்ஜியம் காட்டிய தொட்டியில் ஸ்லட்ஜை மண்வெட்டியால் கிளறியதும் அளவு சட்டென்று ஏறும். உள்ளே சிக்கியிருந்த வாயு அப்போதுதான் விடுபடுகிறது. ஆகவே மீட்டர் இறங்கினவரின் சட்டையிலேயே வேலை முடியும் வரை இருக்கட்டும், புளோயரையும் நிறுத்தாதீர்கள். முகத்தில் மாட்டும் கேட்ரிட்ஜ் மாஸ்க் காற்றை வடிகட்டும், ஆக்சிஜனைத் தராது. தொட்டிக்குள் அது செல்லாது.

மேலே ஒரு காவல் ஆள், அவருக்கு வேறு வேலை கிடையாது. கீழே இருப்பவர் முழு உடல் பெல்ட் போட்டு, கயிறு மேலே முக்காலியில் உள்ள வின்ச்சில் (கைப்பிடியைச் சுற்றித் தூக்கும் கருவியில்) இருக்க வேண்டும். ஒத்திகையில் 60 கிலோ உப்பு மூட்டையை அந்தக் கயிற்றில் கட்டி இறக்கி, ஒரே ஆள் மேலே எடுக்கட்டும். காவல் ஆளிடம் இதைப் பத்து முறை சொல்ல வையுங்கள்: "அண்ணன் விழுந்தாலும் நான் எறங்க மாட்டேன், கயித்தைச் சுத்துவேன், கத்துவேன்." விழுந்தவரைத் தூக்கக் குதித்த இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் சேர்ந்து போவது இந்தத் தொட்டிகளில்தான் நடக்கிறது. பாசத்தில் இறங்குகிறார்கள். அந்தப் பாசத்தை வின்ச் கைப்பிடிக்குத் திருப்பிவிடுவதற்குத்தான் இந்த ஒத்திகை.

ஓடும் திசை

வாயு கசிந்தால் காற்றுக்குக் குறுக்காக விலகி, காற்று வரும் பக்கம் போக வேண்டும். குளோரின் தரையோடு தவழும் என்பதால் மேட்டுக்கு ஏறுவது நல்லது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வீசும் காற்று ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வரும். கிழக்கு கேட்டில் மட்டும் கூடுமிடம் வைத்தால் ஆடியில் எல்லோரும் வாயுவோடு சேர்ந்தே ஓடுவார்கள். இரண்டு கூடுமிடம் குறித்து, எல்லா இடத்திலிருந்தும் தெரிகிற உயரத்தில், காற்றின் திசை காட்டும் காற்றுப் பையைக் கட்டுங்கள். பனியன் துணியில் தைத்தாலே போதும்.

ஒரு மாதம் கழித்து

30-வது நாள், இரவு ஷிஃப்டில், இரண்டு மணி வாக்கில் போங்கள். ஒரு ஹெல்பரைக் கூப்பிட்டு, கண்ணைக் கட்டிக் கழுவும் இடத்துக்குப் போகச் சொல்லுங்கள். இன்னொருவரைக் காஸ்டிக் கரைத்துக் காட்டச் சொல்லுங்கள். பதிவேட்டில் "கலந்துகொண்டார்" என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, "செய்து காட்டினார், தேதி, பார்த்தவர்" என்று மூன்று கட்டம் போடுங்கள். கட்டம் காலியாக இருக்கும் ஆளுக்கு அடுத்த நாளே அந்தப் பாடம் மறுபடி. அதுவரை அவரை மடிப்பு செக்‌ஷனில் வைத்துக்கொள்ளுங்கள்.