ஒரு நாளுக்கு எத்தனை புள்ளி? நம் வீட்டுச் சமையலுக்கேற்ற உணவுப் புள்ளிக் கணக்கு

உடல் நிறையைக் குறைக்க விரும்புகிற ஒருவர், ஒரு நாளில் தான் உண்ணக்கூடிய உணவின் அளவை ஒரு தொகையாக முன்கூட்டியே வகுத்துக்கொண்டு, உண்ணும் ஒவ்வொன்றையும் அந்தத் தொகையிலிருந்து கழித்து வருவதே உணவுப் புள்ளி முறையாகும். 1963 இல் நியூயோர்க்கில் ஜீன் நைடெட்ச் தொடங்கிய வெயிட் வாச்சர்ஸ் நிறுவனம் இதனை 1990களில் உலகெங்கும் பரப்பியது. அந்நிறுவனம் தன் சூத்திரத்தைப் பலமுறை மாற்றியிருக்கிறது. இங்கே விளக்கப்படுவது அதன் சூத்திரமன்று. கலோரியை மட்டும் அடிப்படையாகக் கொண்டு, ஒரு கொப்பியும் பேனையும் சிறிய தராசும் இருந்தால் எவரும் வீட்டிலேயே போட்டுக்கொள்ளக்கூடிய கணக்கு.

கைப்பேசிச் செயலிகள் பல இருக்க, இதை ஏன் கையால் செய்ய வேண்டும் என்று கேட்கலாம். அச்செயலிகள் பொதியில் அடைத்த உணவை நன்றாக அறியும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நாம் உண்பதோ பெரும்பாலும் ஒரே சட்டியில் ஆக்கி, அகப்பையால் பகிர்ந்து உண்ணும் உணவு. ஒரு வீட்டின் மீன் குழம்பில் அரைத் தேங்காய் இருக்கும். அடுத்த வீட்டில் ஒரு முழுத் தேங்காய் இருக்கும். ஆகவே தட்டில் விழுந்த பிறகு ஊகிப்பதை விட்டு, அடுப்பில் ஏறும் முன்பே சட்டியைக் கணக்கிட வேண்டும் என்பதே இந்த விளக்கத்தின் அடிப்படை.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 18 வயதுக்குக் குறைந்தவர்கள், சிறுநீரக நோயாளர், உணவை வெறுக்கும் அல்லது கட்டுப்பாடின்றி உண்ணும் மனநிலையால் முன்பு துன்பப்பட்டவர்கள் ஆகியோர் இதைத் தாமாகச் செய்யக்கூடாது. நீரிழிவுக்காக இன்சுலின் ஏற்றுகிறவர்களும், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளை எடுப்பவர்களும் உணவைக் குறைத்தால் குருதியில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும் என்பதால், கிளினிக்கில் வைத்தியரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிசெய்த பின்னரே தொடங்க வேண்டும்.

படி 1: எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அறிதல்

நிறையைக் கிலோகிராமில் எடுத்து, மீற்றரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடற்திணிவுச் சுட்டி கிடைக்கும். ஆசிய மக்களுக்கு 23 ஐத் தாண்டும்போதே நோய் அபாயம் உயரத் தொடங்குகிறது என்றும், 27.5 ஐத் தாண்டினால் அது மிக அதிகம் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் வரையறுத்தது. எடுத்துக்காட்டாக 38 வயதும் 155 சென்ரிமீற்றர் உயரமும் 72 கிலோ நிறையும் கொண்ட ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருடைய சுட்டி ஏறக்குறைய 30. எனினும் உடனே 55 கிலோவை இலக்காக வைக்க வேண்டியதில்லை. தற்போதைய நிறையில் 5 வீதம், அதாவது மூன்றரைக் கிலோ குறைந்தாலே குருதி அழுத்தத்திலும் சீனியிலும் முன்னேற்றம் தெரியத் தொடங்கும் என்பதால், அதையே முதல் இலக்காக வைக்கலாம்.

படி 2: உடல் செலவிடும் கலோரியைக் கணித்தல்

1990 இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சமன்பாடு இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. நிறையை (கிலோ) 10 ஆலும், உயரத்தை (சென்ரிமீற்றர்) 6.25 ஆலும், வயதை 5 ஆலும் பெருக்குங்கள். முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழியுங்கள். பெண்ணாயின் மேலும் 161 ஐக் கழிக்க வேண்டும். ஆணாயின் 5 ஐக் கூட்ட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 720 உடன் 969 ஐக் கூட்டி, 190 ஐயும் 161 ஐயும் கழிக்க 1338 வருகிறது. படுத்த படுக்கையாக ஓய்ந்திருந்தாலும் அவருடைய உடல் ஒரு நாளில் செலவிடும் கலோரி இதுவே.

இதை நடமாட்டத்துக்கேற்ற எண்ணால் பெருக்க வேண்டும். பெரும்பாலும் அமர்ந்தே இருப்பவருக்கு 1.2, வீட்டு வேலையும் சிறிது நடையும் உள்ளவருக்கு 1.375, நாள்தோறும் உடலை நன்றாக அசைப்பவருக்கு 1.55, கடும் உடலுழைப்பாளிக்கு 1.725. மேற்சொன்ன பெண் வாரத்தில் பல நாட்கள் மாலையில் கல்லடிப் பாலத்தில் நடக்கிறவர் என்று கொண்டால், 1338 ஐ 1.375 ஆல் பெருக்க 1840 கலோரி வருகிறது.

பெரும்பாலானோர் தவறுவது இந்த எண்ணைத் தெரிவு செய்வதில்தான். வேளாண்மை செய்கிறவர் தன்னைக் கடும் உழைப்பாளி என்று எண்ணுவது இயல்பு. ஆனால் உழவும் அறுவடையும் இயந்திரத்துக்கு மாறிவிட்ட வயல்களில் கடும் உழைப்பு நாட்கள் ஆண்டில் சிலவே. 45 வயதும் 168 சென்ரிமீற்றர் உயரமும் 84 கிலோ நிறையும் உள்ள ஒரு விவசாயிக்கு அடிப்படைச் செலவு 1670 கலோரி. பெரும்போக வேலை மும்முரமான வாரங்களில் அவர் 1.55 ஐயும், வயலில் வேலை ஓய்ந்த மாதங்களில் 1.375 ஐயும் பயன்படுத்தினால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 290 கலோரி வேறுபடும். ஆண்டு முழுவதும் ஒரே கணக்கை வைத்திருப்பவர்களுக்கு ஓய்வு மாதங்களில் வயிறு முன்தள்ளுவதன் காரணம் இதுவே. இரண்டு எண்களுக்கிடையே ஐயம் எழுந்தால் சிறியதையே எடுங்கள்.

படி 3: கலோரியைப் புள்ளியாக்குதல்

செலவிடும் கலோரியிலிருந்து 500 ஐக் கழிக்க வேண்டும். ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம் என்பதால், நாளுக்கு 500 குறைந்தால் வாரத்தில் சற்றேறக்குறைய அரைக் கிலோ குறையும். மிச்சமுள்ள தொகையை 50 ஆல் வகுத்தால் அதுவே நாளாந்தப் புள்ளி. நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு 1340 ஐ 50 ஆல் வகுக்க 27 புள்ளி. விவசாயிக்கு வேலை மும்முரமான காலத்தில் 42, ஓய்வுக் காலத்தில் 36.

வைத்தியரின் மேற்பார்வையின்றிப் பெண்கள் 24 புள்ளிக்கும் (1200 கலோரி) ஆண்கள் 30 புள்ளிக்கும் (1500 கலோரி) கீழே போகக்கூடாது. விரைவாக மெலிய வேண்டும் என்ற ஆவலில் 15 புள்ளியில் நாளை ஓட்டுகிறவர்கள் கொழுப்போடு தசையையும் இழக்கிறார்கள்; அத்தகைய பட்டினி நீடிப்பதுமில்லை.

படி 4: சட்டியைக் கணக்கிடுதல்

இப்போது சமையலறைக்கு வருவோம். வேகாத அரிசி, அரிசி மா, கோதுமை மா, பருப்பு ஆகிய எல்லாமே 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 முதல் 360 கலோரி, அதாவது 7 புள்ளி தருகின்றன. இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் கணக்கு முடிந்துவிடும். அரிசி அளக்கும் சுண்டை ஒருமுறை நிரப்பித் தராசில் நிறுத்து, அதன் எடையைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி வைத்தால் பிறகு நாள்தோறும் நிறுக்க வேண்டியதில்லை. ஆக்கிய சோறு 100 கிராம் 130 கலோரி, அதாவது இரண்டரைப் புள்ளிக்குச் சற்றுக் கூட. சிவப்பரிசிக்கும் வெள்ளையரிசிக்கும் கலோரியில் பெரிய வேறுபாடு இல்லை. சிவப்பரிசியின் நன்மை நார்ப்பொருளிலும், விரைவில் பசிக்காமல் இருப்பதிலுமே உள்ளது.

இடியப்பத்தை எண்ணிக்கையால் மதிப்பிட முடியாது, ஏனெனில் ஒவ்வொரு வீட்டின் தட்டும் ஓர் அளவு. 300 கிராம் மாவில் 25 இடியப்பம் வந்தால், மொத்தம் 1080 கலோரியை 25 ஆல் வகுக்க ஒன்றுக்கு 43. ஐந்து உண்டால் 4 புள்ளி. புட்டுக்கும் இப்படியே: 400 கிராம் மாவும் 100 கிராம் தேங்காய்ப்பூவும் சேர்த்து அவித்தால் 36 புள்ளி, அதை நால்வர் சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு 9. பாண் 100 கிராமுக்கு 265 கலோரி என்பதால், 450 கிராம் எடையுள்ள ஓர் இறாத்தல் பாணில் கால் பங்கே 6 புள்ளியாகிறது.

நம் சமையலில் கணக்கைத் தீர்மானிப்பது தேங்காயே. தேங்காய்ப்பூ 100 கிராம் 350 கலோரி, அதாவது 7 புள்ளி. எண்ணெயோ எதுவாயினும், தேங்காயெண்ணெயாக இருந்தாலும் மரக்கறி எண்ணெயாக இருந்தாலும், ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. இரண்டு புள்ளிக்கு மேல். அரைத் தேங்காயில் 150 கிராம் பூ கிடைத்தால் அதில் இடித்த சம்பல் முழுவதும் பத்தரைப் புள்ளி. பால் பிழிந்தால் ஒரு பங்கு பூவிலேயே தங்கிவிடும். ஆகவே முக்கால் பங்கைக் கணக்கில் எடுப்பது நியாயமானது என்று நான் கருதுகிறேன். நால்வருக்கான மீன் குழம்பில் அரைத் தேங்காய்ப் பால் 8 புள்ளி, அரைக் கிலோ மீன் 11 புள்ளி, ஒரு கரண்டி எண்ணெய் இரண்டரை என்று வைத்தால் மொத்தம் இருபத்தொன்றரை, ஆளுக்கு ஐந்தரை. மீனில் உள்ளவை உடலுக்குத் தேவையான புரதத்தின் புள்ளிகள் என்பதால் அவற்றைக் குறைக்க முயல வேண்டாம். வாவி மீனாயினும் கடல் மீனாயினும் துண்டை முழுதாக உண்டு, குழம்பை அளவாக விடுவதே சரியான வழி. முதற்பாலைக் குறைத்து இரண்டாம் பாலில் ஆக்கினால் குடும்பம் முழுவதற்குமே நன்மை. தேங்காய் விற்கும் விலையில் அது சிக்கனமும் கூட.

பொன்னாங்காணி, வல்லாரை, கங்குன், முருங்கைக்கீரை, பாகற்காய், புடலங்காய், வெண்டிக்காய், வெள்ளரிக்காய் ஆகியவற்றைப் பூச்சியப் புள்ளியாகவே எண்ணலாம். அவற்றோடு சேரும் தேங்காய்ப்பூவையும் எண்ணெயையும் மட்டும் எழுதுங்கள். கத்தரிக்காய் பொரித்தால் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அது இந்த வரிசையில் சேராது. மரவள்ளி, வத்தாளை, உருளைக்கிழங்கு ஆகியவையும் சோற்றைப் போன்ற மாப்பொருளே.

படி 5: சிறியவற்றை விடாமல் எழுதுதல்

ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய அரைப் புள்ளி. நாளில் ஐந்து முறை, முறைக்கு இரண்டு கரண்டி என்று தேநீர் குடிப்பவருக்கு அதிலேயே 5 புள்ளி போய்விடுகிறது. பால்மா சேர்த்தால் இன்னும் கூடும். முட்டை ஒன்றரைப் புள்ளி; நடுத்தர வாழைப்பழமும் அவ்வளவே. 30 கிராம் முந்திரிப்பருப்பு மூன்றுக்கு மேல். 150 கிராம் எருமைத் தயிர் 3 புள்ளி, அதன் மேல் விடும் ஒரு மேசைக்கரண்டி பாணி மேலும் ஒரு புள்ளி. பொதியில் வரும் பண்டங்களில் அச்சிடப்பட்டிருப்பதைப் பாருங்கள். கிலோயூலில் மட்டும் தந்திருந்தால் 4.2 ஆல் வகுத்தால் கலோரி வரும். கடைக் கொத்துக்கு 150 கிராம் மா, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், இரண்டு முட்டை என்று மட்டாகக் கணித்தாலும் கோழி சேரும் முன்பே 21 புள்ளியாகிவிடுகிறது.

படி 6: வாரச் சேமிப்பு

கோயில் திருவிழாவிலும் பெருநாளிலும் கலியாண வீட்டிலும் தட்டை விலக்குவது நம் பழக்கமுமன்று, அவசியமுமன்று. 27 புள்ளி உள்ளவர் நாளுக்கு 25 உடன் நிறுத்தினால், வாரத்தில் 14 புள்ளி சேரும். ஒரு விருந்துக்கோ ஒரு துண்டு வட்டிலப்பத்துக்கோ அது போதும். சேமிக்கும் நாட்களிலும் 24 என்ற கீழெல்லைக்குக் கீழே போகக்கூடாது. நோன்பு காலத்தில் நாளின் புள்ளியை நோன்பு திறக்கும் நேரத்துக்கும் சஹருக்கும் பிரித்துக்கொண்டால் போதும். தொகையை மாற்ற வேண்டியதில்லை.

25 புள்ளியில் ஒரு நாள் இப்படி அமையலாம். காலையில் ஐந்து இடியப்பம், சொதி, ஒரு முட்டை என 7. இடையில் ஒரு கரண்டி சீனியுடன் வெறும் தேநீர் அரை. மதியம் 200 கிராம் சோறு, மேற்சொன்ன மீன் குழம்பு, கீரைச் சுண்டல் என பதினொன்றரை. மாலையில் வாழைப்பழமும் தேநீரும் 2. இரவில் இரண்டு மெல்லிய துண்டு பாணும் சிறிதளவு பருப்புக் கறியும் 4. கீரையையும் மரக்கறியையும் இதில் எவ்வளவு கூட்டினாலும் தொகை பெரிதாக மாறாது என்பதால், பசியுள்ளவர் முதலில் நீட்ட வேண்டியது அந்தப் பக்கமே.

நடந்ததற்காகப் புள்ளியைக் கூட்டிக்கொள்ள வேண்டாம். அரை மணி நேர நடை ஏறக்குறைய இரண்டு புள்ளிக்கு ஈடானது. அது படி 2 இல் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது.

படி 7: நிறுத்துப் பார்த்தல், திருத்துதல்

வாரத்தில் ஒரு நாள், காலையில், எதுவும் உண்பதற்கு முன் நிறையை எடுங்கள். முதல் வாரத்தில் இறங்குவதில் பெரும் பகுதி நீரே. கருவாடு உண்ட மறுநாள் ஏறுவதும் உப்பால் தங்கிய நீரே. ஆகவே ஒரு வாரத்து எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாமல், நான்கு வாரப் போக்கைப் பாருங்கள். 5 கிலோ குறைந்ததும் படி 2 இலிருந்து மீண்டும் கணக்கிட வேண்டும். நிறை குறைந்த உடலுக்குச் செலவும் குறைவு என்பதால், நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு 67 கிலோவில் 25 அல்லது 26 புள்ளியே வரும்.

நான்கு வாரம் கடந்தும் நிறை அசையாவிட்டால், புள்ளியைக் குறைப்பதற்கு முன் ஒரு வாரம் எண்ணெயையும் தேங்காயையும் மட்டும் மீண்டும் தராசில் நிறுத்து எழுதுங்கள். கண்ணளவு மெல்ல மெல்லப் பெருகுவது இந்த இரண்டிலுமே. அவை சரியாக இருந்தால் இரண்டு புள்ளியைக் குறைக்கலாம். ஏற்கெனவே கீழெல்லையில் நிற்பவர் உணவைத் தொடாமல் நடையைக் கூட்ட வேண்டும். அதன் பிறகும் மாற்றமில்லையென்றால், அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் தைரொயிட் உள்ளிட்ட பரிசோதனைகள் தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள். போகும்போது எழுதிய கொப்பியையும் கொண்டு செல்லுங்கள்.