மாலை நாலு மணிக்குக் கிளம்புங்கள்

புது ஊருக்கு டிக்கெட் போட்டதும் நான் முதலில் தேடுவது அங்கே சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது என்பதைத்தான். சிங்கப்பூரில் வருஷம் முழுக்க 7 மணி வாக்கில் இருட்டும். தைவானின் தைப்பேயில் டிசம்பரில் 5 மணி தாண்டினாலே வெளிச்சம் போய்விடும், ஜூனில் ஆறே முக்கால் வரை நிற்கும். இந்த நகரங்களில் வெயில் இறங்கினால்தான் தெரு களைகட்டுகிறது. அதனால் அன்றைய பொழுதையே அந்த நேரத்தை வைத்துப் போட்டுக்கொள்வேன்: அந்தி பார்க்க ஓர் இடம், சாப்பிட ஒரு தெரு, இரண்டுக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர் நடை. ஒரு நாளைக்கு இது போதும். மதியம் அரை வயிறு சாப்பிட்டுவிட்டு அறையில் படுத்துத் தூங்குங்கள். பாங்காக்கின் 2 மணி வெயிலில் எதையும் ரசிக்க முடியாது.

பாங்காக்கையே எடுத்துக்கொள்வோம். சனம் சாய் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, தா தியென் படகுத்துறைக்கு நடந்து வாருங்கள். எதிர்க்கரையில் வாட் அருண் கோயில். அக்கரைக்குப் போய்வரப் படகு உண்டு, தாய்லாந்து நாணயத்தில் சில பாட் கொடுத்தால் போதும். கோபுரத்தை ஒருமுறையாவது கிட்டத்தில் பார்க்க வேண்டும். தூரத்தில் கல்வேலைப்பாடு போலத் தெரிவதெல்லாம் சீனப் பீங்கான். தட்டுத் துண்டுகளைப் பூவிதழ் மாதிரி அடுக்கிப் பதித்திருக்கிறார்கள். தோளும் முட்டியும் மூடிய உடையில் போங்கள். 6 மணிக்குக் கோயில் மூடுவதற்குள் இக்கரைக்குத் திரும்பிவிட வேண்டும், ஏனென்றால் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இறங்குவது இங்கிருந்துதான் தெரியும். இருட்டியதும் விளக்கு போடுவார்கள். அதையும் பார்த்துவிட்டே நகருங்கள்.

அப்புறம் ஆற்றை வலக்கைப் பக்கமாக வைத்துத் தெற்கே நடங்கள். கால் மணி நேரத்தில் பாக் க்லோங் தலாட் பூச்சந்தை வந்துவிடும். பகலைவிட இரவில்தான் இங்கே வியாபாரம் மும்முரம். மஞ்சள் சாமந்தி பெரிய பிளாஸ்டிக் பைகளில் திணித்துக் கிடக்கும், மல்லிகை மொட்டு ஐஸ்கட்டியோடு இருக்கும். மாலை கட்டுகிறவர்கள் நம்மைப்போல் நாரில் தொடுப்பதில்லை. நீளமான ஊசியில் மொட்டுகளை வட்டம் வட்டமாகக் குத்தி ஏற்றி, கடைசியில் மொத்தமாக நூலுக்கு இழுத்துவிடுவார்கள். நான் இங்கே நின்றால் நகரவே மனம் வராது. வழி மறிக்காமல் ஓரமாக நின்று பாருங்கள், தள்ளுவண்டிகள் வேகமாக வரும்.

சந்தையிலிருந்து சக்ரபெட் சாலையைப் பிடித்து, பஹுரத்தின் குருத்வாராவைத் தாண்டிப் போனால் யாவரத். சீனர் தெரு. நியான் பலகைகளுக்கு அடியில் சாலையோரம் முழுக்க அடுப்புகள். திங்கட்கிழமை நிறையக் கடைகள் விடுமுறை, அன்று போகாதீர்கள். ஒரே கடையில் வயிறு நிறையச் சாப்பிடுவது இங்கே பெரிய வீண். ஒன்று வாங்கி இரண்டு பேர் பகிர்ந்துகொண்டு அடுத்த கடைக்கு நகருங்கள். ஒரே பண்டத்தை மட்டும் செய்கிற கடை, அடுப்பு கண்ணெதிரே இருக்கிற கடை, இரண்டும் நம்பத் தகுந்தவை. மிளகுக் காரம் தூக்கலான குவாய் ஜாப் சூப் பன்றி இறைச்சியில் செய்வது. சைவக்காரர்கள் மஞ்சள் கொடியில் சிவப்புத் தாய்லாந்து எழுத்து தொங்கும் கடையைத் தேடுங்கள். மீன் சாஸ்கூட அங்கே சேராது, பூண்டும் கிடையாது. கடைசியாக இஞ்சிச் சாற்றில் மிதக்கும் கருப்பு எள் கொழுக்கட்டை ஒரு கிண்ணம். காரமான சூட்டுச் சாற்றுக்குள் கொழுக்கட்டை உடைந்து எள் பூரணம் கசிகிற அந்த ஒரு வாய்க்காகவே நான் பாங்காக் போவேன். திரும்ப வாட் மங்கோன் மெட்ரோ பக்கத்திலேயே இருக்கிறது.

சிங்கப்பூரில் மணிக்கணக்கு முக்கியம். 5 மணிக்கு மேக்ஸ்வெல் உணவு மையத்தில் தொடங்குங்கள், இரவானால் பல கடைகள் மூடிவிடும். மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் யாரோ இடம் பிடித்துவிட்டார்கள். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 முதல் அதைச் செய்யாவிட்டால் நடவடிக்கை உண்டு. வெளியே வந்தால் சவுத் பிரிட்ஜ் ரோடு. புத்தர் பல் கோயில், 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயில், சூலியா எனப்படும் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமியா பள்ளிவாசல் எல்லாம் ஒரே தெருவில். அங்கிருந்து லாவ் பா சாட் உணவு மையம். 7 மணிக்கு மேல் பக்கத்திலுள்ள பூன் டாட் தெருவில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, கரியடுப்பில் சாத்தே, அதாவது குச்சியில் குத்திய இறைச்சி, சுடுவார்கள். பத்துக் குச்சியோடு நிறுத்திக்கொண்டு மரீனா பே போனால் 8 மணி நீரூற்று ஒளிக்காட்சி. அது முடிந்து விறுவிறுவென்று நடந்தால் கார்டன்ஸ் பை தி பே பூங்காவில் சூப்பர் மரங்கள் என்கிற மர வடிவக் கோபுரங்களின் 8.45 ஒளிக்காட்சிக்குப் போய்ச் சேரலாம். இரண்டும் இலவசம். மரங்களுக்கு அடியில் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

ஹாங்காங்கில் ஒரே ஒரு யோசனை: 8 மணி துறைமுக ஒளிக்காட்சிக்குச் சுற்றுலாப் படகு வேண்டாம், துறைமுகத்தைக் கடக்கும் சாதாரண ஸ்டார் ஃபெர்ரி படகே போதும்.

தைப்பேயில் அந்திக்கு யானைமலை. படி ஏற இருபது நிமிஷம், 508 மீட்டர் உயர தைப்பே 101 கட்டடம் நேர் எதிரே நிற்கும். மூச்சு வாங்கும், தண்ணீர் எடுத்துப் போங்கள். இறங்கியதும் ராவ்ஹெ இரவுச் சந்தைக்கு நடக்கலாம், கால் வலித்தால் டாக்சி. சீயூ கோயில் பக்கத்து வாசலில் மிளகு பன் கடை வரிசை நீளமாகத்தான் இருக்கும், ஆனால் சீக்கிரம் நகரும். பன்னை மண்ணடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடுகிறார்கள், உள்ளே மிளகு போட்ட பன்றி இறைச்சியும் வெங்காயத்தாளும். கையில் வாங்கியதும் கடித்துவிடாதீர்கள், சாறு கொதித்துக்கொண்டிருக்கும். ஓரத்தில் சின்னதாகக் கிள்ளி, ஆவி போக விட்டு, பிறகு சாப்பிடுங்கள்.