இலவசமாகப் படிக்கும் வெப்காமிக்ஸை எப்போது புத்தகமாக வாங்கலாம்?

இணையத்தில் தொடராக வரும் காமிக்ஸ்தான் வெப்காமிக்ஸ். போனில் சும்மா கிடைப்பதை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று கேட்டால், எல்லாவற்றையும் வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். இணையத்தில் இல்லாத ஏதாவது அந்தப் புத்தகத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

'எக்ஸ்கேசிடி' (xkcd) என்ற வெப்காமிக் 2005-லிருந்து வருகிறது. படத்தின் மேல் மவுஸை வைத்தால் இன்னொரு ஜோக் வரும், போனிலேயே படிப்பவர்களில் பலர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். 2009-ல் வந்த தொகுப்பில் அந்த வரியும் கூடவே அச்சாகியிருக்கிறது. 'ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்' தொடருக்கோ, தளத்தில் வராத முன்கதைகளே தனிப் புத்தகங்களாக வந்தன. அதன் தொகுப்புகள் தீர்ந்துபோய், மறுபதிப்புக்காக 2012-ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் பணம் கேட்டபோது வாசகர்கள் கொடுத்தது 12 லட்சம் டாலருக்கும் மேல். (தமிழில் வரும் லயன், முத்து காமிக்ஸ் சேர்ப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. தீர்ந்துபோன இதழுக்கு என்ன விலை சொல்வார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.)

தளம் நிலைக்குமா என்றும் யோசியுங்கள். 'ஹோம்ஸ்டக்' என்ற வெப்காமிக் பல இடங்களில் படங்களை அசைய வைக்கும் ஃப்ளாஷ் மென்பொருளை நம்பி உருவானது, 2020 டிசம்பரோடு அடோபி ஃப்ளாஷைக் கைவிட்டதும் அந்தப் பகுதிகள் பழையபடி பிரவுசரில் ஓடவில்லை. அச்சில் அசைவு வராதுதான், ஆனால் கதையும் படமும் கையில் இருக்கும். சின்ன ஓவியர்களின் தளம் என்றால் டொமைன் (தள முகவரி) கட்டணத்தைக் கட்டாமல் விட்டாலே போதும், காணாமல் போய்விடும்.

வாங்குமுன் மாதிரிப் பக்கங்களைப் பாருங்கள், குறிப்பாக வெப்டூன், அதாவது போனில் மேலிருந்து கீழாக நீளமாக ஓடும் காமிக்ஸ் என்றால். விரலால் தள்ளித் தள்ளிப் படிக்க வரைந்ததைப் பக்கத்துக்குக் கொண்டுவரக் கட்டங்களை வெட்டி மறுபடி அடுக்க வேண்டும், அதை ஏனோதானோவென்று செய்திருந்தால் கதையின் ஓட்டமே செத்துவிடும். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகளாவது வேண்டும். திரைக்காகச் சின்னதாகச் சேமித்த படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் கோடெல்லாம் கலங்கித் தெரியும்.

ஓவியரே விற்கிறார் என்றால் அவரிடமே வாங்குங்கள், காசு நேராக அவருக்குப் போகும். வெளிநாடு என்றால் தபால் செலவு புத்தக விலையைத் தாண்டலாம், நாலு பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழையுங்கள்.

எங்கள் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் இன்னொரு லாபம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும், இடையில் பிள்ளைகளுக்கும் பள்ளி லீவு. பாம்பனிலோ மண்டபத்திலோ ஒரு வீட்டில் ஒரு புத்தகம் இருந்தால் தெருவே படித்துவிடும். போனை அப்படிக் கொடுத்தனுப்ப முடியுமா?

ஆனால் உப்புக்காற்றில் புத்தகத்தைக் காப்பாற்றுவது தனி வேலை. ஸ்டேப்ளர் பின் அடித்த புத்தகத்தில் அந்தப் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்னும், அதனால் தையல் பைண்டிங் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும் அதையே எடுங்கள். கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள், தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி வருகிறதா என்று அவ்வப்போது திறந்து பாருங்கள். வழவழப்பான தாள் நனைந்துவிட்டால், சரி காயட்டும் என்று விடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே பக்கங்களை மெதுவாகப் பிரித்து, இடையிடையே வெள்ளைத் தாள் வைத்து ஃபேன் காற்றில் உலர்த்துங்கள், ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிரிக்கும்போது படம் உரிந்து வந்துவிடும்.