பெயர் தெரியாத மரமா? மொட்டைத் தேடுங்கள்
பெயர் தெரியாத மரத்தின் சிறு கிளையை வளைத்து, காம்பு கிளையோடு சேரும் மூலையில் குட்டி மொட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்த மொட்டை ஒட்டிய காம்பும் அதில் உள்ளதெல்லாமும் சேர்ந்துதான் ஓர் இலை.

வேப்பிலை என்று நாம் கிள்ளுவது சிற்றிலை மட்டுமே. சிற்றிலைகள் வரிசையாக ஒட்டியிருக்கும் ஈர்க்கு முழுவதும் ஒரே இலை. சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது, ஈர்க்கின் அடியில்தான் இருக்கும். புங்கனும் அப்படித்தான். இது பிடிபட்டால், இலைகள் எதிரெதிரா, மாறி மாறியா என்பதில் ஏமாற மாட்டீர்கள். நாவல், சந்தனம் எதிரெதிர். வேம்பு, மா, ஆல் மாறி மாறி. அப்புறம் காம்பை ஒடித்துப் பாருங்கள். ஆல், அரசு, அத்தி, இலுப்பை என்றால் பால் வரும் (கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்).

பட்டையை நான் கடைசியில்தான் நம்புவேன், வயதுக்கேற்ப அது மாறிவிடும். ஆனால் வேலூர்ப் பக்கத்துக் காட்டோரங்களில் வளர்ந்த வெள்வேலையும் கருவேலையும் பட்டையை வைத்தே சொல்லிவிடலாம்: ஒன்று வெளிறியிருக்கும், மற்றது கறுத்து வெடித்திருக்கும்.

கோடை நெருங்கும்போது ஜவ்வாது மலையில் பல மரங்கள் மொட்டையாக நிற்கும். அப்போது இலை உதிர்ந்த தழும்பைத் தேடுங்கள். மொட்டு அதற்குச் சற்று மேலே இருக்கும். வெட்டிய அடிமரத்துத் துளிர்களை வைத்து முடிவு செய்யாதீர்கள், அவற்றில் இலையின் அளவும் வடிவமும் மாறியிருக்கும். பனைக்கும் ஈச்சைக்கும் இந்த வழி உதவாது.