கென்ய போர்டிங் பள்ளியில் விசிட்டிங் டே: போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கென்யாவில் போர்டிங் பள்ளிகளின் விசிட்டிங் டே, அதாவது வீட்டார் பிள்ளையைப் பார்க்க வரும் நாள், பொதுவாகப் பருவத்துக்கு ஒருமுறை, சனி அல்லது ஞாயிறில் வரும். காலை ஒன்பது, பத்து மணிக்குக் கேட்டைத் திறந்தால் மாலை மூன்று, நான்குக்கு மணி அடித்துவிடுவார்கள். பிள்ளையிடம் செல்போன் இருக்காது, பெரும்பாலான பள்ளிகள் அனுமதிப்பதில்லை. ஆகவே அந்த ஐந்தாறு மணி நேரத்துக்குள் சாப்பாடு, பேச்சு, மார்க், பெட்டிச் சாமான், பணம் எல்லாம் முடிய வேண்டும். சொந்தப் பிள்ளையைச் சேர்த்தவர்களுக்கும், வீட்டில் வேலை பார்க்கும் அம்மாவின் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டிவிட்டு அவரோடு கூடப் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

தேதியிலிருந்து ஆரம்பியுங்கள். முந்தைய பருவம் முடிந்து பிள்ளை வீட்டுக்கு வரும்போது ஒரு நியூஸ்லெட்டர் கொடுத்து அனுப்புவார்கள். அது பெட்டியின் அடியில், அழுக்குச் சாக்ஸுக்குக் கீழே கசங்கிக் கிடக்கும். கேட்டு வாங்கிப் போட்டோ எடுத்து வையுங்கள். சில பள்ளிகளில் வகுப்புக்கு வகுப்பு தேதி மாறும், அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தேதியை நம்பிக் கிளம்பாதீர்கள். அரசுத் தேர்வுகள் நடக்கும் மூன்றாம் பருவத்தில் மட்டும் விசிட்டிங்கே இருக்காது. 2016-ல் கல்வி அமைச்சராக இருந்த ஃப்ரெட் மட்டியாங்கி, வினாத்தாள் கசிவைத் தடுக்க, அந்தப் பருவத்தில் பெற்றோர் வருகை, பிரார்த்தனை நாள் எல்லாவற்றையும் நிறுத்தினார். அந்தப் பருவத்துக்கான சோப்பு, பேனா, நாப்கின் அத்தனையும் பள்ளி திறக்கும் நாளிலேயே பெட்டியில் போயாக வேண்டும்.

கேட்டில் நிற்கும் காவலரை அஸ்காரி என்பார்கள். அடையாள அட்டை இல்லாமல் அவர் உள்ளே விடமாட்டார். சில பள்ளிகள் சேர்க்கையின்போதே பெற்றோருக்கு விசிட்டிங் கார்டு கொடுத்துவிடும், அதை மறந்தால் வாசலிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். பிள்ளையின் அட்மிஷன் எண் மனப்பாடமாக இருக்கட்டும். பெயரைவிட அந்த எண்தான் அங்கே வேலை செய்யும். ஃபீஸ் மட்டும் கட்டுகிறவர் என்றால் தனியாகப் போகவே கூடாது. பெற்றவரோ சட்டப்படியான பாதுகாவலரோ முன்னால் நடக்கட்டும், ஆசிரியரிடம் அவரே பேசட்டும். இன்னொன்று: அங்கே உங்களைப் பிள்ளை பெயரோடு சேர்த்து 'மாமா பிரையன்' என்று கூப்பிட்டால் திடுக்கிட வேண்டாம். அந்த ஊர் சுவாஹிலி மொழியில் மாமா என்றால் அம்மா.

மட்டாட்டு என்ற மினி பஸ்களில் விசிட்டிங் சனிக்கிழமை இடம் கிடைப்பதே கஷ்டம், கட்டணமும் ஏறிவிடும். வெளியூர்ப் பள்ளி என்றால் முந்தின நாளே டிக்கெட் போடுங்கள். பத்து மணிக்குள் போய்ச் சேர்வது போலக் கணக்கிடுங்கள். பத்து வகைச் சமையலோடு பகல் ஒன்றரைக்கு வருவதைவிட, வெறும் வாழைப்பழத்தோடு ஒன்பதரைக்கு வருவது மேல். காலையிலிருந்து பிள்ளைகள் வேலியோரம் நின்று ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டிருக்கும். வர முடியாது என்று தெரிந்தால் முன்னாடியே பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்து, பிள்ளையிடம் சொல்லச் சொல்லுங்கள்.

சாப்பாடு

விசிட்டிங் டே என்றாலே சப்பாத்தி, பிலாவ், கோழி. கென்யச் சப்பாத்தி நம்முடையது போல் இருக்காது. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்த பண்டம், இங்கே வந்து கிட்டத்தட்டப் பரோட்டாவாக மாறிவிட்டது. ஒரு கிலோ மைதாவுக்கு 600 மில்லி வெதுவெதுப்பான நீர், இரண்டு டீஸ்பூன் உப்பு, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, நான்கு மேசைக்கரண்டி எண்ணெய். பத்து நிமிடம் பிசைந்து அரை மணி மூடி வையுங்கள். தேய்த்து, எண்ணெய் தடவி, கயிறு போல் உருட்டி, நத்தை மாதிரி சுற்றி, இன்னொரு பத்து நிமிடம் விட்டுத் திரும்பத் தேய்த்துச் சுடுங்கள். சுமார் 12 வரும். மாவு கையில் லேசாக ஒட்டும் பதத்தில் இருக்க வேண்டும். கெட்டியாகப் பிசைந்து சிறு தீயில் சுட்டால் மதியத்துக்குள் அட்டையாகிவிடும். சுட்டவுடன் சூட்டோடு அடுக்கி மூடினால் ஆவி இறங்கி அடியில் உள்ளவை கூழாகிவிடும். துணியில் பரப்பி ஆறவிட்டு அடுக்குங்கள்.

பிலாவில் மஞ்சள் சேர்ப்பதில்லை. அந்தப் பழுப்பு நிறம் வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்குவதில்தான் வரும். சீரகம், மிளகு, பட்டை, ஏலம், கிராம்புதான் மசாலா. ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்குக் காணும். ஆனால் எச்சரிக்கை வேண்டியதும் இந்தச் சோற்றுக்குத்தான். அரிசியில் உள்ள பாசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்து கொதியில் சாகாது. சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி மணிக்கணக்கில் இருந்தால் பெருகி நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடு செய்தாலும் போகாது. சூடு காக்கும் ஹாட்பாட் பாத்திரத்தில் முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றை விளிம்பு வரை நிரப்புங்கள். பாதி நிரப்பினால் சூடு சீக்கிரம் இறங்கும். சாதாரண ஹாட்பாட்டை மூன்று மணி நேரத்துக்கு மேல் நம்ப வேண்டாம். பயணம் அதற்கு மேல் என்றால் பிலாவை விட்டுவிட்டு சப்பாத்தி, பழம் என்று எடுத்துப் போங்கள். கோழிக்கும் இதே கணக்குதான், அதுவும் அன்று விடியற்காலையில் செய்ததாக இருக்கட்டும்.

ஊர்ச் சாலையிலிருந்து பள்ளி வரை பெரும்பாலும் செம்மண் பாதை, 'போடா போடா' என்று அங்கே சொல்லும் வாடகை பைக்கில்தான் போக வேண்டியிருக்கும். ஸ்டூ இருக்கும் பாத்திரத்தைப் பின்னால் கட்டாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். குலுங்கிக் குலுங்கி மூடி வழியாக வடிந்து, பள்ளிக்குப் போய்த் திறந்தால் எலும்பும் உருளைக்கிழங்கும் மட்டும் இருக்கும்.

விரிக்க லெசோ துணி, தட்டு, கரண்டி, கைகழுவ ஐந்து லிட்டர் தண்ணீர், சோப்பு, குப்பைக்கு ஒரு பை. பள்ளிக் குழாயை நம்பாதீர்கள், அன்று எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். தலைக்கணக்கு எடுக்கும்போது உங்கள் குடும்பத்தோடு இன்னும் இரண்டு பேருக்குச் சேர்த்துப் போடுங்கள். யாரும் வராத பிள்ளைகள் டார்மிட்டரி பக்கமே ஒதுங்கிவிடும், உங்கள் பிள்ளை தன் சிநேகிதனைக் கூட்டிவரும். அவனைக் கேள்வி கேட்காமல், 'கரிபு' (வாங்க) என்று சொல்லி ஒரு தட்டை நீட்டினால் போதும்.

வந்ததும் எல்லாப் பாத்திரத்தையும் திறந்துவிடாதீர்கள். வாரக்கணக்கில் எண்ணெய் குறைந்த சாப்பாட்டில் இருந்த வயிறு அது. முதலில் பழமும் ஒரு சப்பாத்தியும், ஒரு மணி நேரம் கழித்து மீதி. இல்லையென்றால் இரவுப் படிப்பு நேரத்தில் வாந்திதான். மிச்சத்தை டார்மிட்டரிக்குள் கொண்டுபோகப் பொதுவாக அனுமதியில்லை. ஒளித்துக் கொடுத்தனுப்புவது அன்பில் செய்வதுதான், ஆனால் மறுநாள் காலை அந்தக் கோழியைத் தின்பது உங்கள் பிள்ளை மட்டுமல்ல, பக்கத்துக் கட்டில்காரர்களும்தான்.

அவர்களுடைய ஒரு நாள்

பிள்ளை ஏன் மதியம் மடியில் சாய்ந்து தூங்குகிறது என்று புரிய, அதன் நாள் எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும். 2015-ன் கல்வி விதிகளின்படி வகுப்பு காலை 8 முதல் 3.30 வரை. நடைமுறையில் பல பள்ளிகளில் நாலரை, ஐந்துக்கே எழுப்பிவிடுவார்கள். வாளியில் குளிர்ந்த நீர்க் குளியல், விடியுமுன் படிப்பு, டீயும் ரொட்டியும் அல்லது ஊஜி என்ற கஞ்சி, பிறகு வகுப்பு. மதியம் கிதேரி: மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்தது. மாலை விளையாட்டு, துணி துவைப்பு. இரவு உகாலி என்ற மக்காச்சோளக் களியும் சுகுமா விக்கியும். சுகுமா விக்கி ஒரு கீரை, பெயருக்குப் பொருள் 'வாரத்தைத் தள்ளு'. சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்பதரை வரை பிரெப் என்ற படிப்பு, பிறகு விளக்கணைப்பு. புதிதாகச் சேர்ந்தவர்களை மோனோ என்று சீண்டுவார்கள். முதல் பருவத்து அழுகையில் பாதி இதனால்தான்.

பார்க்க வேண்டியவை

"நல்லா இருக்கியா?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். கையைப் பிடித்துப் பாருங்கள். விரலிடுக்கில் சின்னச் சின்னக் கொப்புளம், மணிக்கட்டில் சொறிந்த கோடு, இரவில்தான் அரிப்பு அதிகம் என்றால் சிரங்காக இருக்கலாம். ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை, பக்கத்துக் கட்டில்களுக்கும் போட்டு அன்றே துணிகளையும் போர்வையையும் வெந்நீரில் துவைக்க வேண்டும். உடனே டார்மிட்டரியைப் பார்த்துக்கொள்ளும் மேட்ரனிடம் சொல்லுங்கள். தலையில் வட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரையாக இருக்கலாம், அதற்குக் களிம்பு போதாது, டாக்டர் தரும் மாத்திரை வேண்டும். ஷூவைக் கழற்றச் சொல்லி அடிப்பாகத்தையும், சாக்ஸ் பிள்ளையுடையதுதானா என்பதையும் பாருங்கள். வேறொருவர் எண் போட்ட சாக்ஸ் என்றால் இவனுடையது திருடு போய்விட்டது என்று பொருள். முதுகிலோ காலிலோ பிரம்புத் தழும்பு இருந்தால் அது சட்டவிரோதம், பள்ளிகளில் அடிப்பதற்கு 2001-லிருந்தே தடை. புல்தரையில் வைத்துச் சத்தம் போடாமல், தேதியைக் குறித்துக்கொண்டு முதல்வர் அறையில் பேசுங்கள். வகுப்பார் முன்னால் போட்ட சண்டைக்கு நீங்கள் போன பிறகு பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

டார்மிட்டரியைப் பெற்றோருக்குத் திறந்துவிடும் பள்ளியானால் தவறாமல் போய்ப் பாருங்கள். 2001-ல் கியாங்குலி பள்ளித் தீயில் 67 மாணவர்களும், 2024 செப்டம்பரில் எண்டராஷா பள்ளித் தீயில் 21 சிறுவர்களும் இறந்தார்கள். 2008-ன் பாதுகாப்புக் கையேடு சொல்வது இது: கட்டிலுக்குக் கட்டில் 1.2 மீட்டர் இடைவெளி, நடுவழி 2 மீட்டர், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், ஜன்னலில் கம்பி கூடாது. டேப் தேவையில்லை. இரண்டு கட்டிலுக்கு நடுவே பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடிகிறது என்றால் இடைவெளி போதாது. இரவில் கதவை வெளியே பூட்டுகிறார்களா, சாவி யாரிடம் என்று பிள்ளையிடம் கேளுங்கள், பிறகு அதே கேள்வியைப் போர்டிங் மாஸ்டரிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துவர வேண்டும்.

அடுத்தது தகரப் பெட்டி. பூட்டுச் சாவி மூன்று செய்யுங்கள்: ஒன்று பிள்ளை கழுத்தில், ஒன்று மேட்ரனிடம், ஒன்று வீட்டில். சாவி தொலைந்து பூட்டை உடைத்த பெட்டி அதற்குப் பிறகு எல்லோருக்கும் பொதுப் பெட்டிதான். ஆறு வாரத்துக்கு ஒரு பற்பசை, நாலைந்து டாய்லெட் ரோல், ஒரு நீள பார் சோப், ஷூ பாலிஷ், நாலு பேனா, தேவைப்பட்டால் இரண்டு பாக்கெட் நாப்கின். பார் சோப்பை வீட்டிலேயே ஆறு துண்டாக வெட்டிக் கொடுங்கள். முழுதாக இருந்தால் ஒரே நாளில் கைமாறிவிடும். எல்லாவற்றிலும் அட்மிஷன் எண், துணியில் மார்க்கரால் எழுதாமல் நூலால் தைத்து. மார்க்கர் நாலு துவைப்பில் போய்விடும்.

பாக்கெட் மணியைப் பிள்ளை கையில் கொடுக்காமல் வகுப்பாசிரியரிடமோ பள்ளிக் கணக்கிலோ போட்டு ரசீது வாங்குங்கள். கேன்டீனில் கேடிஎஃப் என்ற பெரிய மண்டாசி (எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டம்) வாங்கவே அதில் பாதி போகும், பரவாயில்லை. ஃபீஸை எம்-பெசா என்ற செல்போன் பணச் சேவை வழியாகக் கட்டும்போது அக்கவுன்ட் இடத்தில் அட்மிஷன் எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் பணம் இன்னொரு பிள்ளை பெயரில் விழும். குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். ரொக்கமாக யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

ஆசிரியரைச் சாப்பாட்டுக்கு முன்பே பார்த்துவிடுங்கள், மதியத்துக்குப் பிறகு வரிசை நகராது. மொத்த மார்க்கைவிட எந்தப் பாடத்தில் போன தேர்விலிருந்து இறங்கியிருக்கிறது என்று கேளுங்கள். பிள்ளையும் பக்கத்தில் இருக்கட்டும். ஃபீஸ் கட்டுகிறவர் இங்கே வாயைத் திறக்காமல் இருப்பதே உதவி. மற்ற பிள்ளைகளைப் போட்டோ எடுப்பது, மிட்டாய் வீசுவது, சீருடைப் பிள்ளையை நிறுத்தி 'நான் படிக்க வைக்கும் பையன்' என்று ஃபேஸ்புக்கில் போடுவது எதுவும் வேண்டாம். மறுநாளே பள்ளி முழுக்க அவனுக்கு அதுதான் பட்டப்பெயர்.

மணி அடிக்க இருபது நிமிடம் இருக்கும்போதே பாத்திரத்தைக் கட்டத் தொடங்குங்கள். அடுத்து எப்போது பார்ப்போம் என்று மிட்டேர்ம் விடுமுறைத் தேதியைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். நிச்சயமில்லாத தேதியைச் சொல்லக் கூடாது. ஹாட்பாட் மூடிகள் எல்லாம் வந்ததா என்று புல்லில் ஒருமுறை பாருங்கள், அன்று அதிகம் தொலைவது அவைதான்.