சிறு படகுக்கு ஃபிஷ் ஃபைண்டர் தேர்ந்தெடுக்கும் முறை

பொழுதுபோக்காக மீன் பிடிப்பதற்கென்று சிறு படகு வைத்திருப்பவர், நீருக்கடியில் இருக்கும் மீனைத் தேடிக் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் வாங்கப் புறப்பட்டால், முதலில் அவர் கண்ணில் படுவது திரைதான். ஐந்து அங்குலமா, ஏழா, ஒன்பதா என்பதிலேயே பாதிப் பேச்சு முடிந்துவிடும். ஆனால் கருவியின் உண்மையான வேலை படகின் அடியில் நனைந்தபடி ஒலியை அனுப்பி வாங்கும் உறுப்பான டிரான்ஸ்டியூசரில் நடக்கிறது. அதன் காதில் விழாத எதையும் எவ்வளவு பெரிய திரையாலும் காட்ட முடியாது. ஆகவே இந்தத் தேர்வைக் கீழிருந்து மேலாகச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து: மீன் பிடிக்கும் நீரின் ஆழத்தை முதலில் பார்த்து, அதற்கேற்ற டிரான்ஸ்டியூசரை முடிவு செய்து, அதைப் பொருத்தப் படகில் இடம் இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே திரைக்கு வர வேண்டும்.

டிரான்ஸ்டியூசர் ஒலித்துடிப்புகளை நீருக்குள் அனுப்பி, தரையிலும் மீனிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியை வாங்கிக்கொள்கிறது. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்வதால், 15 மீட்டர் ஆழத்தில் உள்ள தரையைத் தொட்டுத் திரும்ப ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரமே ஆகிறது. அந்த நேரத்தை அளந்தே கருவி ஆழத்தைக் கணக்கிடுகிறது. மீனின் உடலில் ஒலியை வலுவாகத் திருப்பி அனுப்புவது அதன் காற்றுப்பை. காற்றுப்பையே இல்லாத சுறா, உருவில் பெரியதாக இருந்தும் திரையில் எதிர்பார்த்த அளவுக்குத் தெளிவாகத் தெரியாமல் போவது இதனால்தான். 1948ஆம் ஆண்டில் ஜப்பானின் ஃபுருனோ சகோதரர்கள் நடைமுறைக்கு உகந்த மீன் தேடும் கருவியை உருவாக்கிய நாள் முதல் இந்த அடிப்படை மாறவில்லை.

ஒலி கீழே செல்லச் செல்லக் கூம்பு போல விரிகிறது. அந்தக் கூம்புக்குள் இருப்பது மட்டுமே திரைக்கு வரும். 200 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதாவது நொடிக்கு இரண்டு லட்சம் முறை அதிரும் ஒலியில், இயங்கும் வழக்கமான டிரான்ஸ்டியூசரின் கூம்புக் கோணம் 20 பாகை அளவில் இருக்கும் என்று கொண்டால், 10 மீட்டர் ஆழத்தில் அது தரையில் மூன்றரை மீட்டர் அகல வட்டத்தைப் பார்க்கிறது. அதே கருவியை 2 மீட்டர் ஆழமுள்ள நீரில் வைத்தால் வட்டத்தின் அகலம் வெறும் 70 சென்டிமீட்டர். அதாவது படகின் நிழலுக்குள் அடங்கிவிடும் ஓரிடம். அவ்வளவு ஆழம் குறைந்த நீரில் படகு நெருங்கும்போதே மீன் விலகிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஓடை, குட்டை, கழிமுகம் போன்ற இடங்களில் மட்டுமே மீன் பிடிப்பவருக்குக் கீழ்நோக்கிப் பார்க்கும் சாதாரணக் கருவி ஆழம் காட்டும் அளவுகோலைத் தாண்டிப் பெரிதாக உதவாது. அவர் பணத்தைப் பக்கவாட்டில் பார்க்கும் சைடு ஸ்கேன் வசதிக்குத் தருவதே மேல். 455 அல்லது 800 கிலோஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் அந்தக் கற்றைகள் படகின் இருபுறமும் பல மீட்டர் தொலைவு வரை தரையை வருடி, மூழ்கிய மரத்தையும் பாறைத் திட்டையும் கிட்டத்தட்ட நிழற்படம் போலக் காட்டுகின்றன. அதற்குப் படகை நேர்கோட்டில், மெதுவாக ஓட்ட வேண்டும். வளைந்தால் படமும் வளையும்.

ஆழம் கூடக்கூடக் கணக்கு மாறுகிறது. உயர்ந்த அதிர்வெண் நுணுக்கமான படம் தரும், ஆனால் நீர் அதை விரைவில் விழுங்கிவிடும்; தாழ்ந்த அதிர்வெண் ஆழம் வரை செல்லும், ஆனால் படம் பருமனாக இருக்கும். நூறு மீட்டரைத் தாண்டிய கடலுக்குச் செல்பவர் 50 கிலோஹெர்ட்ஸ் வசதியுள்ள டிரான்ஸ்டியூசரைப் பார்ப்பது நல்லது. அதற்குட்பட்ட ஏரிகளுக்கும் கரையோரக் கடலுக்கும் 200 கிலோஹெர்ட்ஸ் தாராளமாகப் போதும். 83 கிலோஹெர்ட்ஸில் 60 பாகை கோணம் தரும் கருவிகளும் உண்டு. அவை 10 மீட்டர் ஆழத்தில் பதினொன்றரை மீட்டர் அகலத்தைப் பார்க்கும் என்பது கேட்க இனிமையாக இருந்தாலும், அந்த அகலத்தில் மீன் எந்த மூலையில் நிற்கிறது என்று தெரியாது. தரை சரிவாக இருந்தால் சரிவின் அடிவாரத்தில் ஒதுங்கும் மீன்களைத் தரையின் எதிரொலியே மூடிவிடும்.

இன்றைய கருவிகளில் பரவலாகக் காணப்படும் ‘சர்ப்’ (CHIRP) நுட்பத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிடலாம் என்பேன். ஒரே அதிர்வெண்ணில் 0.1 மில்லிநொடி நீளும் துடிப்பு, மேலும் கீழுமாக ஏழரை சென்டிமீட்டருக்குள் இருக்கும் இரு மீன்களை ஒன்றாகவே காட்டும். தரையை ஒட்டிக் கிடக்கும் மீனையும் தரையோடு சேர்த்துவிடும். சர்ப் துடிப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பல அதிர்வெண்களைத் தொட்டுச் செல்வதால் இந்த இடைவெளி வெகுவாகக் குறைகிறது. தரைமீன் பிடிப்பவருக்கு இதன் அருமை முதல் நாளே புரியும்.

ஒலியை அனுப்பும் திறனைச் சொல்லும் வாட் எண்ணிக்கையைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. சராசரித் திறனான ஆர்எம்எஸ் அளவுக்கும் உச்சத்திலிருந்து உச்சம் வரை அளக்கும் எண்ணுக்கும் எட்டு மடங்கு வேறுபாடு உண்டு. பெட்டியின் மேல் 4,000 வாட் என்று அச்சிட்டிருப்பதும் 500 வாட் என்று அச்சிட்டிருப்பதும் ஒரே திறனாக இருக்கக்கூடும். இரு கருவிகளை ஒப்பிடுகையில் ஆர்எம்எஸ் எண்ணையே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனிப் பொருத்தும் இடம். பலரும் இதை வாங்கிய பிறகு யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அலுமினியப் படகின் பின்பலகையில், அடித்தளத்து ஆணி வரிசைக்கு நேர் பின்னால் டிரான்ஸ்டியூசரைத் திருகிவிட்டு, படகு வேகமெடுத்தவுடன் திரை ஏன் வெறும் புள்ளிமழையாகிறது என்று ஒரு பருவம் முழுவதும் கருவியைத் திட்டிக்கொண்டிருந்தேன். குற்றம் கருவியுடையது அன்று. ஆணித் தலைகளிலிருந்து கிளம்பிய நீர்க்குமிழிகள் ஒலியின் வழியை மறித்திருந்தன. பின்பலகையில் பொருத்துவதானால், முன்னால் மேடுகளோ ஆணிகளோ இல்லாத வழவழப்பான நீரோட்டம் உள்ள இடத்தைத் தேர்ந்து, டிரான்ஸ்டியூசரின் முகம் அடித்தளத்தைவிடச் சற்றுக் கீழே இருக்கும்படி, புரொப்பெல்லரிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். பின்னாலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றும் புரொப்பெல்லர் உள்ள படகுக்கு வலப்பக்கம் பொருத்தமானது. அங்கே புரொப்பெல்லரின் இறக்கைகள் கீழ்நோக்கி இறங்குவதால் கலக்கம் குறைவு.

பலகையைத் துளைக்க மனமில்லாதவர்கள், படகு கெட்டியான ஃபைபர் கிளாஸால் ஆனதாக இருந்தால், அடித்தளத்தின் உட்புறத்திலேயே குமிழி இல்லாமல் எபாக்ஸி பசை வைத்து ஒட்டிக்கொள்ளலாம். நடுவே நுரையோ மரமோ வைத்த அடித்தளத்துக்கும் உலோகப் படகுக்கும் இது சரிவராது. சைடு ஸ்கேன் டிரான்ஸ்டியூசர்களுக்கும், நீரின் வெப்பநிலை தெரிய வேண்டியவருக்கும் இது ஏற்றதன்று. ஒட்டும் முன் ஒரு பிளாஸ்டிக் பையில் நீர் நிரப்பி அதற்குள் டிரான்ஸ்டியூசரை வைத்து, அந்த இடத்தில் அழுத்திப் பார்த்தால் ஒலி ஊடுருவுகிறதா என்பது தெரிந்துவிடும். எந்த முறையானாலும் கேபிள் நீளமாக இருக்கிறதென்று வெட்டக் கூடாது. சுருட்டிக் கட்டி வைக்க வேண்டும். பழைய டிரான்ஸ்டியூசரைப் புதிய கருவியில் மாட்டலாம் என்று கணக்குப் போடுபவர், இணைப்பு ஊசிகளின் எண்ணிக்கையும் அமைப்பும் நிறுவனத்துக்கு நிறுவனம், சில வேளைகளில் ஒரே நிறுவனத்தின் வரிசைகளுக்குள்ளேயும் மாறும் என்பதை முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது திரைக்கு வரலாம். படம் வலமிருந்து இடமாக நகர்கிறது. வலது ஓரம் இந்த நொடி, மற்றதெல்லாம் கடந்துபோனது. எனவே திரையின் அகலம் பழைய செய்தியைத்தான் கூட்டும். நுணுக்கத்தைத் தீர்மானிப்பது மேலிருந்து கீழ் உள்ள பிக்சல்களின் எண்ணிக்கை. 30 மீட்டர் ஆழத்தை 480 பிக்சல்களில் காட்டினால் ஒரு பிக்சலுக்கு ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 240 பிக்சல் என்றால் பன்னிரண்டரை. ஐந்து அங்குலத் திரையும் ஏழு அங்குலத் திரையும் ஒரே 800க்கு 480 பிக்சல் கொண்டவையாக விற்கப்படுவதுண்டு. அப்போது கூடுதல் விலை எழுத்தின் அளவுக்கும் கண்ணின் வசதிக்கும் தரப்படுகிறது. கண்ணாடி அணியாமல் படிக்க முடியாத என்னைப் போன்றவர்களுக்கு அதுவும் நியாயமான செலவே. கடைக்குள் ஓடும் மாதிரிக் காட்சியை நம்ப வேண்டாம். அது நல்ல நீரில் எடுத்த பதிவு. முடிந்தால் கருவியை வெயிலில் வைத்து, போலராய்டு குளிர்கண்ணாடி அணிந்தபடி பல கோணங்களில் பார்க்க வேண்டும். சில திரைகள் ஏதோ ஒரு கோணத்தில் முற்றிலும் கறுத்துவிடும். மீன் சின்னம் காட்டும் வசதிக்காகக் கூடுதலாக ஒன்றும் தர வேண்டாம்: நீர்ப்பாசியையும் குமிழியையும்கூட அது மீனாக வரைந்துவிடும்.

இருப்பிடத்தைக் குறித்து வைக்கும் ஜிபிஎஸ் மட்டும் அவசியம் என்பேன், ஏனெனில் கண்டுபிடித்த பாறைத் திட்டுக்குத் திரும்பிச் செல்ல முடியாவிட்டால் கண்டதில் பயனில்லை. மீன் நகர்வதை நேரலையாகக் காட்டும் சோனார்கள் வியப்பூட்டுபவை. ஆனால் அவற்றின் விலையும் மின்பசியும் சிறு படகுக்கு ஒத்துவருவது அரிது.

மின்சாரத்துக்கு இயந்திரத்தைக் கிளப்பும் பேட்டரியைப் பகிராமல், 12 வோல்ட் தனிப் பேட்டரி வைத்தால் திரையில் இரைச்சலும் குறையும், கரை திரும்பும் கவலையும் இராது. 0.7 ஆம்பியர் இழுக்கும் கருவிக்கு 7 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பேட்டரி, பாதிவரை மட்டும் பயன்படுத்தினால், ஐந்து மணி நேரம் தாங்கும். நேர்முனைக் கம்பியில், பேட்டரிக்கு அருகிலேயே, கருவியின் கையேடு சொல்லும் அளவில் ஃபியூஸ் வைக்க வேண்டும்.

எல்லாம் பொருத்திய பின், அலையற்ற நாளில் படகை நங்கூரமிட்டு, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை டிரான்ஸ்டியூசருக்குப் பக்கத்தில் இறக்கி ஆழத்தை அளந்து பாருங்கள். கருவி தன் முகத்திலிருந்துதான் அளக்கிறது; கயிறோ நீர்மட்டத்திலிருந்து அளக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு டிரான்ஸ்டியூசர் மூழ்கியிருக்கும் அளவாக இருந்தால், அந்த எண்ணை அமைப்புகளில் ஈடுசெய்யும் அளவாகப் பதிந்துவிட்டுத் தூண்டிலை எடுக்கலாம்.