வயசுப் புள்ள எடை விஷயத்துல நாம வீட்டுல பண்ற தப்புங்க

போன தீபாவளிக்கு பட்டர்வொர்த்துலேர்ந்து வந்த பெரியம்மா வாசப்படி தாண்டுறதுக்குள்ள என் பொண்ணப் பாத்து "என்னடி இவ இப்படி ஊதிட்டா"ன்னாங்க. ஃபாரம் டூ படிக்கிற பதினாலு வயசுப் புள்ள. நானும் சும்மா இல்லாம "ஆமா பெரியம்மா, வாயக் கட்டுன்னா எங்க கேக்குறா"ன்னு ஒத்து ஊதினேன். அன்னிக்கு முழுக்க அவ ஒரு முறுக்கு கூட தொடல. ராத்திரி அடுப்படியில லைட் எரியுதேன்னு போய்ப் பாத்தா மைலோ டின்னும் கரண்டியுமா நிக்கிறா, பவுடர அப்படியே அள்ளி வாயில போட்டுக்கிட்டு, என்னப் பாத்ததும் கரண்டிய முதுகுக்குப் பின்னால ஒளிச்சா.

அது பசி இல்லங்க, நாங்க பேசின பேச்சு. அமெரிக்காவுல மின்னசோட்டாவுல ப்ராஜெக்ட் ஈட்னு ஒரு ஆய்வு, பிள்ளைங்கள பெரியவங்களாகுற வரைக்கும் வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்தாங்க. எடைய வச்சு கிண்டல் வாங்கின பிள்ளைங்களுக்குத்தான் பின்னால எடையும் கூடுது, கட்டுப்பாடில்லாம அள்ளித் திங்குற பழக்கமும் வருதாம். இதுல இன்னொண்ணு, பொண்ணுங்க பெரிய மனுஷி ஆகுற சமயத்துல உடம்புல கொஞ்சம் கொழுப்பு சேர்றது இயற்கை. உயரத்துக்கு ஏத்த எடையான்னு பெரியவங்களுக்கு பாக்குற பி.எம்.ஐ. கணக்க அப்படியே புள்ளைக்கு போட்டுப் பாத்து பயப்படுறதும் தப்பு, இந்த வயசுக்கு வயசும் ஆணா பொண்ணாங்கறதும் சேர்த்துப் பாக்குற தனி சார்ட் இருக்கு, கிளினிக்ல கேளுங்க.

அடுத்த தப்பு தனித் தட்டு. அவளுக்கு மட்டும் ஓட்ஸ், தம்பிக்கு பொரிச்ச கோழி, அப்பாவுக்கு மாமாக் கடையில டபாவ் பண்ண, அதான் பொட்டலம் கட்டி வாங்கின, மீ கோரேங் நூடுல்ஸ். ஒரே மேசையில இத வச்சா அது தண்டனை, டயட் இல்ல. மாத்துறதுன்னா அடுப்படிய மாத்தணும், எல்லாருக்கும் சேர்த்து. எங்க வீட்டுல முதல்ல ஃப்ரிட்ஜ்ல இருந்த இனிப்பு பாட்டில் தண்ணிங்கதான் போச்சு. 2019 ஜூலையிலேர்ந்து 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல சக்கரை இருக்குற பாட்டில், டின் பானங்களுக்கு நம்ம மலேசிய அரசாங்கம் வரி போடுது, ஆனா நாம கெட்டிப்பால் ஊத்தி வீட்டுல ஆத்துற தேத்தண்ணிக்கு யாரும் வரி போட மாட்டாங்க, நாமதான் கைய அடக்கணும்.

சாப்பாட்ட விட எனக்கு ஆத்திரம் வர்றது இந்த வெயில் பேச்சுலதான். "வெளிய போவாத, கறுத்துப் போயிடுவ, நாளைக்கு யாரு கட்டுவா"ன்னு பத்து வயசுலேர்ந்து சொல்லிட்டு, பதினாலு வயசுல "எந்நேரமும் போனக் கட்டிக்கிட்டு படுத்தே கெடக்கா"ன்னா எப்படி? பையன் பந்து விளையாடப் போனா "போயிட்டு வா"ன்னு சொல்றோம், பொண்ணு கேட்டா ஆயிரம் கேள்வி. 5லேர்ந்து 17 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு சராசரியா 60 நிமிஷமாவது மூச்சு வாங்குற அளவுக்கு உடம்பு அசையணும்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுது. நம்ம புள்ளைங்க கார்ல ஸ்கூல், கார்ல டியூஷன், திரும்பவும் கார்தான். ஃபாரம் ஃபைவ் முடிவுல வர்ற எஸ்.பி.எம். பரீட்சை வருஷம்னா விளையாட்டத்தான் முதல்ல வெட்டுறோம். அப்புறம் தூக்கம், பதின்ம வயசுக்கு 8லேர்ந்து 10 மணி நேரம் வேணும், டியூஷன் முடிஞ்சு பதினோரு மணிக்கு சாப்பிடுற புள்ளைக்கு அது எங்க கெடைக்கும்.

"போ, போய் ஓடு"ன்னு சோபாவுல உக்காந்து சொல்றத நான் விட்டுட்டேன். இப்ப ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பேருமா பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுறோம், 500க்கு மேல படி. பாதியிலயே எனக்கு நாக்கு தள்ளுது, அவ மேல நின்னு "வாங்கம்மா, இன்னும் கொஞ்சந்தான்"னு பொய் சொல்றா. எறங்கி வந்து கடையில பசியாறுவோம், ஆளுக்கு ஒரு ரொட்டி சானாய், பாலும் சக்கரையும் இல்லாத தே ஓ கோசோங். போன வாரம் பெரியம்மா போன் பண்ணி "இளைச்சாளா"ன்னு கேட்டாங்க. நல்லாருக்கா பெரியம்மான்னு சொல்லி பேச்ச மாத்திட்டேன்.